அம்மாவின் காகிதம், பிள்ளையின் உடம்பு

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில், கொரோனா காலத்தில் அமெரிக்கக் கல்லூரிகளில் படித்த குடியேறிக் குடும்பத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேசலாம் என்று சொன்னோம். இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் உடனே கையைத் தூக்கினார். "தோழர், நம்ம ஹாஸ்டல்ல கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல. அமெரிக்காக்காரன் கதை நமக்கெதுக்கு?" எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் கேள்வி நியாயமானது. பதில் சொல்ல வேண்டிய கடமையும் நமக்கு உண்டு. அன்று நேரம் போதவில்லை, அதனால் இங்கே எழுதுகிறோம்.

அமெரிக்காவில் படிக்கும் பிள்ளை என்றதும் நம் மனதில் வருவது ஒரே ஒரு படம்தான். கறுப்பு அங்கி, சதுரத் தொப்பி, பின்னால் பச்சைப் புல்வெளி, பக்கத்தில் பட்டுப்புடவை கட்டிய அம்மா. குடும்ப வாட்ஸப் குழுக்களில் சுற்றும் படம் அது. அந்தப் படத்துக்கு வெளியே இருப்பவர்கள்தான் அதிகம். அமெரிக்கக் கல்லூரிகளில் 2018இல் படித்தவர்களில் 28 விழுக்காட்டினர், அதாவது 53 லட்சம் பேர், தாங்களே குடியேறியவர்கள் அல்லது குடியேறியவர்களின் பிள்ளைகள். 2000இல் இது 20 விழுக்காடாக இருந்தது. இவர்களில் கணினிப் பொறியாளரின் மகளும் உண்டு, இறைச்சி ஆலையில் எலும்பு வெட்டுபவரின் மகனும் உண்டு. எந்த ஆவணமும் இல்லாமல் கல்லூரிக்கு வரும் மாணவர்கள் மட்டும் நாலரை லட்சம் பேர் இருக்கலாம் என்று 2020இல் ஒரு மதிப்பீடு வந்தது.

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியை எடுத்துக்கொள்வோம். அண்ணல் 1913இல் படிக்கப் போய் இறங்கிய அதே நகரம்தான், ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம். எல்ம்ஹர்ஸ்ட், கரோனா, ஜாக்சன் ஹைட்ஸ். (ஆமாம், கரோனா என்றே ஒரு பேட்டை அங்கே இருக்கிறது. பெயர் பழையது, நோய் புதியது.) எக்வடோர், கொலம்பியா, மெக்சிகோ, வங்கதேசம், நேபாளம், திபெத், பஞ்சாப் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள் அடுத்தடுத்த மாடிகளில் குடியிருக்கிறார்கள். வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள், உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவர்கள், முதியவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டுகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள். 2020 மார்ச் கடைசி வாரத்தில் எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனையில் 24 மணி நேரத்தில் 13 பேர் இறந்தார்கள். வாசலில் பரிசோதனைக்கு வரிசை நீண்டு நின்றது. அந்த வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகள் பலர் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஏதோ ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார்கள். அரசுக் கல்லூரி, கட்டணம் குறைவு, வீட்டிலிருந்தே சுரங்க ரயிலில் போய்வரலாம். நம் ஊர் அரசு கலைக் கல்லூரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியை மூடு, வீட்டுக்குப் போ என்றார்கள். எல்லோருக்கும் ஒரே ஆணைதான், ஆனால் ஒரே வீடு இல்லை. ஒரு மாணவி தனக்கென இருக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். இன்னொருத்தி இரண்டு அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டுக்குப் போகிறாள். அப்பா உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். அவர்களை "அத்தியாவசியத் தொழிலாளர்" என்று அரசு அழைத்தது. வீட்டில் இரு என்று ஊருக்கெல்லாம் சொன்ன அரசு இவர்களை மட்டும் வெளியே போ என்றது. அவர்கள் வெளியே போனார்கள், திரும்பி வந்தார்கள், கூடவே கிருமியும் வந்தது. காய்ச்சல் வந்தவரைத் தனி அறையில் வையுங்கள், தனிக் கழிப்பறை கொடுங்கள் என்று அறிவுரை. எந்த அறை? எந்தக் கழிப்பறை?

இது நமக்குப் புரியாததா? லைன் வீட்டிலும் காலனி வீட்டிலும் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் இங்கே "சமூக இடைவெளி" என்று தொலைக்காட்சியில் நாளெல்லாம் ஓதினார்கள். அந்தச் சொல்லைக் கேட்டபோது நம்மில் பலருக்கு உடம்பு கூசியது. சமூகம் நம்மிடம் காட்டிய இடைவெளியை நாம் நோயாகத்தான் அறிவோம், மருந்தாக அல்ல. உடல் இடைவெளி என்று சொல்லுங்கள் என்று சிலர் எழுதினார்கள், சண்டை போட்டார்கள். சொல்தானே என்று விட்டவர்களும் உண்டு.

இனி பணத்துக்கு வருவோம். உடம்பு நோய் என்று பேசும்போது பணத்தைப் பேசாமல் விடுவது வசதி உள்ளவர்களின் பழக்கம்.

2020 மார்ச் 27 அன்று அமெரிக்காவில் கேர்ஸ் சட்டம் கையெழுத்தானது. அதில் உயர்கல்விக்கு ஏறத்தாழ 1,400 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 600 கோடிக்கும் மேல் மாணவர் கையில் நேரடியாகப் போக வேண்டும். சாப்பாடு, வாடகை, மருத்துவம், இணையம், குழந்தைப் பராமரிப்பு எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். மாணவர் குடிமகனா இல்லையா என்று சட்டத்தின் அந்தப் பிரிவு கேட்கவில்லை. ஆனால் ஏப்ரல் 21 அன்று கல்வித் துறை ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. பெட்சி டிவாஸ் அப்போது கல்வி அமைச்சர். மத்திய அரசின் மாணவர் நிதியுதவிக்குத் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும்தான் இந்தப் பணம் என்று அந்தத் தாள் சொன்னது. அந்த ஒரு வரியில் ஆவணமற்ற மாணவர்கள், சிறுவயதில் வந்தவர்களுக்கான டாகா பாதுகாப்பில் இருந்தவர்கள், வெளிநாட்டு மாணவர்கள் எல்லோரும் வெளியே தள்ளப்பட்டார்கள். வகுப்பில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, ஒரே ஆசிரியர், ஒரே வைரஸ். ஒருவருக்குக் காசோலை, இன்னொருவருக்கு ஆறுதல் மின்னஞ்சல்.

கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகள் மே மாதம் வழக்குப் போட்டன. ஜூனில் தங்கள் மாணவர்களுக்குத் தற்காலிகத் தடையாணை வாங்கின. நல்லதுதான். ஆனால் நாடு முழுவதற்கும் அந்தக் கதவு திறந்தது 2021 மே மாதம், ஆட்சி மாறிய பிறகு. ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பசித்தவனுக்கு ஓராண்டு என்பது எத்தனை வேளை?

வீட்டுக்கு வந்த நிவாரணத்தின் கதை இன்னும் மோசம். ஆளுக்கு 1,200 டாலர் கொடுத்தார்கள். கணவன், மனைவி சேர்ந்து வரிக்கணக்குத் தாக்கல் செய்தால் இருவருக்கும் சமூகப் பாதுகாப்பு எண் இருக்க வேண்டும். ஒருவருக்கு இல்லை, வரி கட்டுவதற்கு என்று கொடுத்த எண் மட்டும்தான் இருக்கிறது என்றால், குடியுரிமை உள்ள மற்றவருக்கும் கிடையாது, அங்கேயே பிறந்த பிள்ளைகளின் பங்கும் கிடையாது. அந்த எண்ணை வைத்து அவர்களிடம் வரி மட்டும் வாங்கிக்கொள்வார்கள். இந்தத் தம்பதிகளுக்கு வழி பிறந்தது டிசம்பர் மாதச் சட்டத்தில். போதாததற்குப் பெற்றோரின் கணக்கில் சார்ந்தவராகக் காட்டப்பட்ட 17 வயதுக்கு மேற்பட்ட மாணவர்கள் எல்லோருமே முதல் இரண்டு தவணைகளில் விடுபட்டுப் போனார்கள். குழந்தையும் இல்லை, பெரியவரும் இல்லை என்று கணக்கு. பாத்திரம் கழுவிய கடை மூடியபோது ஆவணமற்ற பெற்றோருக்கு வேலையிழப்புப் படியும் கிடையாது. அப்போது குடும்பத்தில் யார் சம்பாதிக்கக் கிளம்புவார்? கல்லூரிப் பிள்ளைதான். காலையில் இணைய வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டு மளிகைக் கிடங்கில் பெட்டி தூக்கும் பிள்ளையின் ஆரோக்கியத்தை எந்த மருத்துவரின் ஏடு பதிவு செய்யும்?

நம் நாட்டில் ஒருவருக்கு என்ன கிடைக்கும் என்பதை அப்பாவின் சாதிச் சான்றிதழும் சாதியும் முடிவு செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறோம். அங்கே அம்மாவின் காகிதம் பிள்ளையின் சோற்றை முடிவு செய்கிறது. பிறப்பைப் பிடித்துத் தொங்கும் அதிகாரம் எந்த மொழியில் பேசினாலும் நம் காதுக்குப் பழகிய குரல்தான்.

அடுத்தது பயம். 2020 பிப்ரவரி 24 அன்று, தேசிய அவசரநிலை அறிவிப்பதற்கு 18 நாள் முன்பு, "அரசுக்குச் சுமை" என்ற விதியை விரிவாக்கி நடைமுறைப்படுத்தினார்கள். ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு, உணவு உதவி, வீட்டு உதவி ஆகியவற்றை வாங்கினால் பச்சை அட்டை விண்ணப்பத்தில் அது உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளப்படலாம். கொரோனா பரிசோதனையும் சிகிச்சையும் இந்தக் கணக்கில் வராது என்று மார்ச் நடுவில் அறிவித்தார்கள். அறிவித்தால் பயம் போய்விடுமா? அந்த விதி தொடாத குடும்பங்களும் பயந்து உதவிகளை விட்டு விலகின. காவல் நிலையத்துக்குப் புகார் கொடுக்கப் போகத் தயங்கும் நம் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சட்டம் உங்கள் பக்கம் என்று நூறு முறை சொன்னாலும், வாசலில் நிற்கும் ஆளைப் பார்த்துத்தான் அவர்கள் முடிவெடுப்பார்கள். 2021 மார்ச்சில் அந்த விதி நீங்கியது. பயம் அதே தேதியில் நீங்கியிருக்காது.

இந்தப் பயத்துக்கும் வீட்டுக்கும் நடுவே நின்றவர் கல்லூரியில் படிக்கும் பிள்ளை. ஆங்கிலம் தெரிந்தவர் அவர்தான். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசுவது அவர். மூச்சுத் திணறும் அப்பாவுக்கும் மறுமுனையில் இருக்கும் செவிலியருக்கும் இடையே மொழிபெயர்ப்பது அவர். வாடகைத் தள்ளுபடிப் படிவம், பள்ளிக்கூடத்தில் தம்பியின் இணைய வகுப்பு, எல்லாம் அவர் தலையில். இருபது வயதில் "உங்கள் தந்தைக்குச் செயற்கைச் சுவாசம் வைக்கச் சம்மதமா" என்ற கேள்வியை அம்மாவின் மொழியில் திருப்பிச் சொல்ல வேண்டியவர் அவர். தாலுகா ஆபீசில் அப்பாவுக்காக மனு எழுதி வளர்ந்த முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு இந்த வேலையின் எடை தெரியும். இதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் மதிப்பெண் போடுவதில்லை. வருகைப்பதிவில் கை வைக்கும்.

மனநலம் பற்றி எழுதும்போது எங்களுக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூன் கடைசியில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எடுத்த கணக்கெடுப்பில், 18 முதல் 24 வயதுள்ளவர்களில் நாலில் ஒருவர், 25.5 விழுக்காட்டினர், அதற்கு முந்தைய 30 நாட்களில் தற்கொலையைப் பற்றித் தீவிரமாக யோசித்ததாகச் சொன்னார்கள். இந்த எண்ணைப் பார்த்ததும் எல்லோரும் ஓடிப்போய் "மீண்டெழும் மனம்" என்று கருத்தரங்கம் போடுகிறார்கள். மூச்சுப் பயிற்சி, நன்றிக் குறிப்பேடு, திரையைக் குறைத்தல். தப்பில்லை, செய்யட்டும். ஆனால் வாடகை கட்ட முடியாமல் தூக்கம் வராதவனிடம் தூக்கத்தின் நன்மைகளைப் பற்றிப் பேசுவது மருத்துவமா? கல்லூரி ஆலோசகரோடு இணையத்தில் பேசலாம் என்றார்கள். வீடு முழுக்க ஆள். அப்பாவைப் பற்றிய கவலையை அப்பா காதில் விழ எப்படிச் சொல்வது? வேறு மாநிலத்தில் இருக்கும் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பியவர்களுக்கு அதுவும் சிக்கல். ஆலோசகரின் உரிமம் அந்த மாநிலத்தில் செல்லாது. டாகா மாணவர்களை ஒபாமா காலத்தில், 2012இலேயே, பொதுக் காப்பீட்டுச் சந்தையிலிருந்து விலக்கிவிட்டார்கள். நல்ல ஆட்சி, கெட்ட ஆட்சி என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. கலிபோர்னியா மட்டும் 2020 ஜனவரி முதல் 26 வயதுக்கு உட்பட்ட ஆவணமற்ற ஏழை இளைஞர்களுக்கு மாநிலக் காப்பீட்டைத் திறந்துவிட்டது. தொற்று வருவதற்குச் சில வாரம் முன்பு. எத்தனை உயிரை அந்தத் தேதி காத்திருக்கும் என்று யோசிக்கிறோம்.

இங்கே நம் ஊடகங்கள் இதில் எதைப் பேசின? 2020 ஜூலை 6 அன்று, எல்லா வகுப்புகளும் இணையத்தில் நடந்தால் வெளிநாட்டு மாணவர்கள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று அமெரிக்கக் குடிவரவுத் துறை சொன்னது. அப்போது மட்டும் நம் தொலைக்காட்சிகள் அழுதன. ஹார்வர்டும் எம்ஐடியும் நீதிமன்றம் போயின, மாநிலங்களும் போயின. எட்டே நாளில், ஜூலை 14 அன்று, ஆணை திரும்பப் பெறப்பட்டது. அந்த மாணவர்களுக்கு நேர்ந்த அச்சம் உண்மையானது, நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முழுக் கட்டணம் கட்டும் மாணவர் போய்விடுவார் என்றால் எட்டு நாள். கட்டணத் தள்ளுபடியில் படிக்கும் பிள்ளை பசித்திருக்கிறார் என்றால் ஓராண்டு.

இந்தியக் குடியேறிகளுக்குள்ளும் எல்லோரும் ஒன்றில்லை. எச்1பி விசாவில் போன குடும்பங்களின் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகளும் அதில் நிறைய, 21 வயதானதும் பெற்றோரைச் சார்ந்த விசாத் தகுதியை இழக்கிறார்கள். பச்சை அட்டை வரிசையோ பல பத்தாண்டுகள் நீளம். தொற்றுக் காலத்தில் 21ஐத் தொட்ட பிள்ளையின் பதற்றத்தை நினைத்துப் பாருங்கள். அதே வீடுகளில் சில, ஆவணமற்றவர்களை "சட்டவிரோதிகள்" என்று ஏசுவதும் நமக்குத் தெரியும். நாங்கள் முறைப்படி வந்தோம் என்பார்கள். தகுதி, திறமை என்று இங்கே கேட்ட பாட்டுதான், விமானம் ஏறிப் போயிருக்கிறது.

அந்த இந்தியர்களுக்குள் தலித் மாணவர் எங்கே? அறை காலி செய்யச் சொன்ன அந்த மார்ச்சில், தங்க இடம் வேண்டும் என்றால் சமூகக் குழுவில் கேள் என்றார்கள். எந்தச் சமூகம்? குழுவில் கேட்டால் முதலில் பெயரின் பின்பாதி, பிறகு ஊர், பிறகு சைவமா அசைவமா. சாதியை மறைத்து வாழ்பவர் நோய் வந்தாலும் மறைத்துத்தான் வாழ வேண்டும். ஆலோசகரிடம் போனால் இனம் பற்றிப் படிவத்தில் கட்டம் இருக்கும், மதம் பற்றி இருக்கும், சாதிக்கு இருக்காது. சொல்லே இல்லாத வலியை எப்படிச் சொல்வது? கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம், அப்போது 23 வளாகங்கள் கொண்டிருந்தது, 2022 ஜனவரியில் தன் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் சாதியைச் சேர்த்தது. அதற்காகப் பேசியவர்களில் நேபாளத்திலிருந்து வந்த தலித் மாணவர்கள் முன்னணியில் இருந்தார்கள். எதிர்த்தவர்களில் இந்தியப் பேராசிரியர்களும் இருந்தார்கள். இதை ஒரு சடங்குச் சட்டம் என்று நம் தோழர்கள் சிலர் எழுதியதைப் படித்தோம். எங்களுக்கு உடன்பாடில்லை. படிவத்தில் ஒரு சொல் ஏறுவது, மருத்துவ அறையில் வாய் திறப்பதற்கு முதல் அனுமதி.

போராடாமல் எதுவும் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் மார்ச் இறுதியில் சில நாட்கள் வகுப்புகளையே நிறுத்திவைத்து மடிக்கணினி, கைக்கணினி இல்லாதவர்களுக்கு விநியோகம் செய்தது. முதலில் கருவி, பிறகு பாடம். இங்கே எத்தனை பல்கலைக்கழகங்கள் அப்படி நின்றன? அடுத்த ஆண்டு நிவாரணத்திலிருந்து விலக்கப்பட்ட தொழிலாளர்கள் அதே நியூயார்க்கில் 23 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2021 ஏப்ரலில் மாநில அரசு 210 கோடி டாலரில் அவர்களுக்கென ஒரு நிதியை உருவாக்கியது. ஒருவருக்கு அதிகபட்சம் 15,600 டாலர். அக்டோபருக்குள் பணம் தீர்ந்துபோனது. அவ்வளவு பேர் காத்திருந்தார்கள். அந்தக் காசோலைகளில் எத்தனை அடுத்த பருவக் கல்லூரிக் கட்டணமாக மாறியிருக்கும்!

இனி தம்பியின் கேள்விக்கு வருகிறோம். நமக்கெதுக்கு?

தமிழ்நாட்டில் இலங்கை அகதி முகாம்கள் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் "மறுவாழ்வு முகாம்" என்று பெயர் மாற்றினார்கள். பத்துக்குப் பத்து அறையில் குடும்பம். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, நம்மோடு அதே பேருந்தில் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கிடையாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமும் அவர்களை எண்ணவில்லை. முகாம்களில் உள்ள மலையகக் குடும்பங்கள் பல, இங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்ட நம் சேரி மக்களின் பேரப்பிள்ளைகள்தான். கொரோனாவில் அந்த முகாம் மாணவர்கள் இணைய வகுப்பை எந்தச் சுவரில் சாய்ந்து கேட்டார்கள் என்று நாம் விசாரித்தோமா? எங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறோம். அன்று அரிசிப் பை பிரித்துக் கொடுத்தோம், புகைப்படம் போட்டோம், முகாம் பக்கம் போகவில்லை.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் செங்கல் சூளைக்கும் பின்னலாடைக்கும் வந்தவர்களின் பிள்ளைகள் தமிழ்வழிப் பள்ளிகளில் படித்து இப்போது கல்லூரி வாசலுக்கு வருகிறார்கள். அவர்களில் தலித்துகள் உண்டு. ஆனால் மாநில எல்லையைத் தாண்டினால் பட்டியல் சாதித் தகுதி கூட வராது என்று 1990இலேயே மர்ரி சந்திர சேகர் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீண்டாமை எல்லை தாண்டி வரும், சான்றிதழ் வராது. சான்றிதழ் இல்லையென்றால் உதவித்தொகை இல்லை, ஆதிதிராவிடர் நல விடுதி இல்லை. அடுத்த தொற்று வந்தால், அல்லது ஒரு டெங்குக் காய்ச்சலே வந்தால், அந்தப் பிள்ளை எங்கே படுப்பார்?

தம்பி, தாழ்ப்பாள் விஷயத்தை மறக்கவில்லை. வார்டனிடம் மனு கொடுத்தாகிவிட்டது, நகல் எங்களிடம் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் உங்கள் கல்லூரியின் சேர்க்கை விண்ணப்பம், உதவித்தொகை விண்ணப்பம், மருத்துவப் படிவம் மூன்றிலும் ஒவ்வொரு நகல் எடுத்து வாருங்கள். எந்தெந்தக் கட்டத்தில் எந்தப் பிள்ளை விழுந்துபோகிறார் என்று உட்கார்ந்து குறிப்போம். முகாமிலிருந்து படிக்க வரும் நண்பர் உங்கள் வகுப்பில் இருந்தால், விருப்பம் கேட்டு அவரையும் அழைத்து வாருங்கள். அவர் முதலில் பேசட்டும்.